அறைக்கு வைத்த பொட்டு

மாமியார் மூன்று நாளாக வாயே திறக்கவில்லை.

வேறு எந்த வீட்டிலாவது இப்படி நடந்திருந்தால் மருமகள் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்திருப்பாள். கௌசிகாவுக்கோ தூக்கமே போய்விட்டது. அவளுடைய இந்த மாமியார் மனுஷி அல்ல, ஓர் அறை. கம்பம் பள்ளத்தாக்கில், மலையடிவாரத்தில் நிற்கும் குறிஞ்சி மருந்துக் காப்பகத்தின் உள்ளறை. கௌசிகா அங்கே காப்பாளர். ஜன்னல் கிடையாது. இரட்டைக் கதவு. சுவரை ஒட்டி எஃகுத் தட்டுகள், தட்டு நிறையக் கண்ணாடி ஜாடிகள். ஜாடிகளுக்குள் உலர்த்திப் பக்குவப்படுத்திய கஞ்சாப் பூ.

ஆமாம், அதே கஞ்சாதான். கௌசிகா பள்ளிக்கூடம் போன காலத்தில் போலீஸ்காரர்கள் மலையேறித் தேடிப் பிடுங்கி எரித்த செடிதான். அப்புறம் சட்டம் மாறியது. போதை ஏறாத ஒரு ரகத்தை வளர்த்தெடுத்தார்கள். எந்த மாத்திரைக்கும் அடங்காத பிள்ளைகளின் வலிப்பு அந்தப் பூவின் எண்ணெய்க்கு அடங்கியது. வாசல் காவலுக்கு இருக்கும் சின்னமாயன் புதிதாக யார் வந்தாலும் இதைச் சொல்லாமல் விடமாட்டார். "எங்க தாத்தா இதப் பதுக்கி வச்சதுக்கு ஜெயில்ல களி தின்னாரு. நான் பதுக்கி வைக்கிறதுக்கு மாசாமாசம் சம்பளம் வாங்குறேன். காலத்தப் பாத்தீகளா?"

பதுக்கி வைப்பதுதான் பெரிய பாடு. இந்த ரகத்தைப் பிழிந்து எண்ணெயாக்கிவிட்டால் சில வாரங்களில் வீரியம் இறங்கிவிடும். ஆகவே பூவாகவே வைத்திருந்து மாதாமாதம் தேவைக்குப் பிழிய வேண்டும். அறையின் குளிர் பதினெட்டு டிகிரியில் நிற்க வேண்டும். காற்றின் ஈரம் அறுபது சதவீதத்தை ஒட்டி நிற்க வேண்டும். குறைந்தால் பூ சருகாகி மருந்து பறந்துவிடும். கூடினால் பூசணம். ஒரு தடவை எங்கோ ஒரு கிடங்கில் பூசணம் பிடித்ததைக் கவனிக்காமல் பிழிந்து கொடுத்து, சில பிள்ளைகள் மூச்சுத் திணறிச் செத்துப்போனார்கள். அதன் பிறகு சட்டத்தில் ஈவிரக்கமே இல்லை. ஈரம் அறுபத்தைந்தைத் தாண்டி ஒரு முழு நாள் நின்றால், அந்த ஈடு, அதாவது அந்த அறுவடைப் பூ மொத்தமும், எரியுலைக்குப் போக வேண்டும். சோதனை, மறுசோதனை என்ற பேச்சுக்கே இடமில்லை.

இதையெல்லாம் காவல் காக்கத்தான் அறைக்கு அறிவு கொடுத்திருந்தார்கள். கூரையில் பதித்த ஐந்து உணர்கருவிகள்தான் அதன் கண்கள். சல்லடை போட்ட சின்னச் சின்ன வட்டங்கள். கதவை ஒரு நொடி கூடுதலாகத் திறந்து வைத்தால் சொல்லும். தலைக்குக் குளித்துவிட்டு உள்ளே போனால், "ஈரத் தலையோடு வந்திருக்கிறீர்கள்" என்று முகத்துக்கு நேராகச் சொல்லும். மாமியார் என்று பெயர் வந்தது அப்படித்தான்.

அந்த மாமியார் மூன்று நாளாக மௌன விரதம். வெளியே ஐப்பசி மழை மலையை மறைத்துக் கொட்டிக்கொண்டிருக்கிறது. துவைத்த துணி காயவில்லை, அப்பளம் நமுத்துப்போகிறது, உப்பு ஜாடியில் தண்ணீர் விடுகிறது. உள்ளறையின் திரையில் மட்டும் ஈரம் அறுபத்தொன்று. நேற்றும் அறுபத்தொன்று. அதற்கு முதல் நாளும் அதேதான். கோடு, சுவரில் நூல் பிடித்த மாதிரி நேராக ஓடியது.

"என்ன தாயி, மூஞ்சி இப்படிக் கெடக்கு? மாமியா கத்துனாலும் கவலை, கத்தாட்டாலும் கவலையா?" என்றார் சின்னமாயன்.

"இல்லண்ணே. இம்புட்டு மழைக்கு ஒரு புள்ளியாச்சும் ஏறி எறங்கணும்ல?"

"மெசினு நல்லா ஓடுதுன்னு சந்தோசப்படுவியா, அத விட்டுட்டு..." என்று சொல்லிக்கொண்டே அவர் குடையை விரித்துக்கொண்டு வாசலுக்குப் போனார்.

சந்தோஷப்படத்தான் அவளுக்கும் ஆசை. ஆனால் அந்த ஜாடிகளில் ஒன்பது வயது ஓவியாவின் மருந்தும் இருந்தது. ஓவியா அவளுடைய மகள். இந்த எண்ணெய் வருவதற்கு முன்னால் அந்தப் பிள்ளை ஒரு நாளைக்கு எத்தனை முறை விழும் என்று கௌசிகா கணக்கு வைப்பதையே விட்டிருந்தாள். சாப்பிடும்போது விழும், சிரிக்கும்போது விழும், குளியலறையில் விழும். வீட்டில் ஒரு மேஜைக்குக்கூட முனை இல்லாமல் துணி சுற்றி வைத்திருந்தார்கள். இப்போது சித்திரையிலிருந்து ஒரு தடவைகூட விழவில்லை. போன மாதம்தான் சைக்கிள் பழக ஆரம்பித்திருந்தாள். அடுத்த அறுவடை தை மாதத்தில்தான். அதுவரைக்கும் இந்த ஈடுதான் எல்லாம்.

கௌசிகா மேலுறை மாட்டிக்கொண்டு இரட்டைக் கதவைத் தாண்டி உள்ளே போனாள்.

முதலில் மூக்குதான் சொன்னது. பக்குவமான பூவுக்கு எலுமிச்சைத் தோலும் வைக்கோலும் கலந்த ஒரு மணம் உண்டு. இன்று அதற்கு அடியில் வேறொன்று இருந்தது. மழையில் நனைந்து மூலையில் கிடக்கும் சாக்கின் வாடை. இருக்கிறதா, இல்லை பயத்தில் தோன்றுகிறதா என்று அவளால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஒரு ஜாடியைத் திறந்து பூவை விரலால் அழுத்தினாள். நல்ல பூ அழுத்தினால் மெல்ல இளகித் திரும்ப எழும். இது அழுத்திய இடத்திலேயே அமுங்கிக் கிடந்தது.

அண்ணாந்து பார்த்தாள். கூரையில் முதல் கண்ணின் நடுவே காய்ந்த சந்தனம், அதன் மேல் சிவப்பாகக் குங்குமம். அடுத்த கண்ணிலும், அதற்கடுத்த கண்ணிலும், ஐந்திலும்.

ஆயுத பூஜைக்கு வைத்த பொட்டு.

அன்றைக்குக் காப்பகமே கல்யாண வீடு மாதிரி இருந்தது. வருஷத்துக்கு ஒரு நாள்தான் குடும்பங்களை உள்ளே விடுவார்கள். எல்லோரையும் செருப்பைக் கழற்ற வைத்து, மேலுறை மாட்டி, தலைக்குத் தொப்பி போட்டுத்தான் விட்டார்கள். அந்த விஷயத்தில் ஒரு குறையும் இல்லை. எடைத் தராசு, பிழியும் இயந்திரம், ஈரம் உறிஞ்சும் பெட்டி, சின்னமாயனின் டார்ச் லைட் வரைக்கும் துடைத்துச் சந்தனம், குங்குமம் வைத்தாயிற்று. "எல்லாத்துக்கும் வையி பாப்பா, ஒண்ணையும் விட்றாத" என்று சொன்னது கௌசிகாதான். பொரியும் கடலையும் கலந்துகொண்டிருந்த கையை உதறிவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது, சின்னமாயன் தோளில் ஏறி உட்கார்ந்து ஓவியா கூரைக்குக் கை நீட்டிக்கொண்டிருந்தாள். "என் மருந்தப் பாத்துக்கிற கண்ணும்மா இது. அஞ்சுக்கும் வச்சிட்டேன்" என்றாள். கௌசிகாவுக்குக் கண் கலங்கிவிட்டது. போனை எடுத்துப் படம் பிடித்தாள்.

ஈரச் சந்தனம் பட்டவுடன் மாமியார் ஒரு கத்து கத்தியது. கத்தினால் திரையில் இரண்டு பொத்தான்கள் வரும். ஒன்று 'அறிவி', அழுத்தினால் மேலிடத்துக்குப் போகும். மற்றது 'பொறு'. ஆள் கூட்டத்தின் மூச்சுக்காற்றுதான் என்று நினைத்து கௌசிகா 'பொறு' அழுத்தினாள். கொஞ்ச நேரத்தில் எண் இறங்கி அறுபத்தொன்றுக்கு வந்து நின்றது. இறங்காமல் என்ன செய்யும்? சந்தனம் காய்ந்து ஓடாகிச் சல்லடையை அடைத்துவிட்டது. உள்ளே சிக்கிக்கொண்ட துளிக் காற்றைத்தான் ஐந்து கண்களும் மூன்று நாளாகப் பார்த்துக்கொண்டிருந்தன.

ஏணியைப் போட்டு ஏறி ஒரே ஒரு கண்ணை மட்டும் துணியால் துடைத்தாள். திரையில் அந்தக் கண்ணின் எண் ஏற ஆரம்பித்தது. அறுபத்து நான்கு. அறுபத்தெட்டு. எழுபதில் வந்து நின்றது. மற்ற நான்கு கண்களும் அறுபத்தொன்று என்று சாதித்துக்கொண்டிருந்ததால், 'ஒரு கண் பழுது' என்று மட்டும் சின்னதாக ஓர் எழுத்து வந்தது.

ஜமீலாவுக்குப் போன் செய்தாள். ஜமீலா ஆய்வுக்கூடத்து டாக்டர். முற்றத்தைத் தாண்டினால் அவருடைய அறை. மழையில் ஓடி வந்து, முக்காட்டை உதறி, மேலுறை மாட்டிக்கொண்டு உள்ளே வந்தவர், கூரையில் ஒவ்வொரு கண்ணாகப் பார்த்தார்.

"யாரு வச்சது?"

"ஓவியா."

ஜமீலா உதட்டைக் கடித்துக்கொண்டார். அன்றைக்குப் பொரி தின்றுகொண்டு அதைப் பார்த்துச் சிரித்தவர்களில் அவரும் ஒருவர்.

"பூசணம் புடிச்சிருக்குமாக்கா?"

"எனக்கெப்படித் தெரியும்? புடிச்சாலும் மொத வாரம் கண்ணுக்குத் தெரியாது கௌசி. சோதனைத் தட்டுல வச்சு வளத்துப் பாத்தாத்தான் தெரியும். அதுக்கு ஒரு வாரம் ஆகும்."

"பிழியறப்ப சூட்டுல செத்துறாதா?"

"பூசணம் சாகும். அது கக்குன விசம் சாகாது. எண்ணெயில எறங்கிரும்." ஜமீலா ஒரு ஜாடியிலிருந்து இடுக்கியால் பூவை எடுத்துச் சின்னக் குப்பியில் போட்டுக்கொண்டார். "நாளைக்குக் காலையில பிழியணும். நமக்கு மட்டுமா, மாநிலத்துல இருக்கிற எட்டுக் கிடங்குலயும் நாளைக்குத்தான் பிழியிற நாளு."

"அறிவிச்சா..."

"அறிவிச்சா உலைதான். உனக்குத் தெரியாததா?"

"தை வரைக்கும் எம்புள்ளைக்கு என்னக்கா குடுப்பேன்?"

கண்டிப்புக்குப் பேர்போன அந்த மனுஷி, குப்பியின் மூடியைத் திருகித் திருகி மூடிக்கொண்டே இருந்தார். கடைசியில், "நீ எனக்குப் போன் பண்ணாமலே இருந்திருக்கலாம்டி" என்றார். "நம்ம ஈட்ட நம்பி மூணு மாவட்டத்துப் புள்ளைக இருக்கு. எரிச்சா அம்புட்டும் விழும். எரிக்காட்டி ஒண்ணு ரெண்டு செத்தாலும் செத்துரும், ஒண்ணுமே ஆகாமலும் போகலாம். இதுல எதச் செய்யின்னு நான் ஒனக்குச் சொல்ல? காப்பாளர் நீ. பொத்தான் ஒன் கையில இருக்கு."

சொல்லிவிட்டுக் குப்பியோடு போய்விட்டார். கௌசிகாவுக்கு அவர்மேல் கோபம் வந்தது. அந்தக் கோபத்துக்கு அர்த்தமில்லை என்றும் தெரிந்தது.

தனியாக நின்றபோதுதான் அந்த யோசனை வந்தது. எங்கிருந்தோ வரவில்லை, காத்திருந்த மாதிரி வந்தது. மற்ற நான்கு பொட்டையும் இப்போதைக்குத் துடைக்காமல் விட்டுவிடலாம். ஈரம் உறிஞ்சும் பெட்டியைக் கையால் மெல்ல ஓட்டலாம். நாளைக்குப் பிழிவதை, இயந்திரம் கோளாறு என்று இரண்டு நாள் தள்ளிப்போடலாம். ஈரம் அறுபதுக்கு இறங்கிய பிறகு பொட்டைத் துடைத்தால் யாருக்கும் ஒன்றும் தெரியாது. பூசணம் பிடித்திருக்கும் என்று என்ன நிச்சயம்? மூன்றே நாள்தானே? ஒரு தாய்க்கு இவ்வளவு யோசிக்கக்கூட உரிமை இல்லையா?

மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு, "ஈரம் எவ்வளவு?" என்று அறையைக் கேட்டாள்.

"கண்கள் காட்டுவது அறுபத்தொன்று" என்றது அறை. எப்போதும் பேசும் அதே நிதானமான பெண்குரல்.

கௌசிகாவின் காதில் அது உறுத்தியது. வழக்கமாக அறுபத்தொன்று என்று மட்டும்தான் சொல்லும்.

"கண்ணு காட்டுறத நான் கேக்கல. ஒனக்கு என்ன தெரியும்?"

"தட்டுகளின் எடை கூடியிருக்கிறது. ஜாடிகள் மூச்சு விடுவதற்காகத் திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் கூடுகிறது. பூ ஈரத்தை இழுத்திருக்கிறது. அறையின் ஈரம் எழுபது வரை போயிருக்கலாம்."

"எப்ப இருந்து தெரியும்?"

"பூஜைக்கு மறுநாள் மதியத்திலிருந்து."

ஏணியைப் பிடித்துக்கொண்டாள். "தெரிஞ்சுமா சொல்லல?"

"பொறுத்திருக்கிறேன். உறிஞ்சும் பெட்டியை நேற்றிலிருந்து மெல்ல ஓட்டுகிறேன். இன்னும் இரண்டு நாளில் ஈரம் அறுபதுக்கு இறங்கிவிடும். யாருக்கும் அறிவிக்கத் தேவை வராது. நாளைய பிழிவைத் தள்ளிப்போட, பிழியும் இயந்திரத்தில் சிறு கோளாறு காட்டலாம் என்று நினைக்கிறேன்."

தன் மனசுக்குள் ஓடியதை வேறொருவர் வாயால் கேட்பது எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது.

"யாரு... யாரு ஒனக்கு இதச் சொல்லிக் குடுத்தது?"

"நீங்கள்" என்றது அறை. அதில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. "காப்பாளர் செய்வதைப் பார்த்துப் பழகவே என்னை உருவாக்கினார்கள். நான் எச்சரித்தபோதெல்லாம் பெரும்பாலும் நீங்கள் 'பொறு' அழுத்தினீர்கள். பெரும்பாலும் நீங்கள் நினைத்ததுதான் சரியாக இருந்தது. இங்கே வந்துபோன மற்ற ரகங்களைவிட இந்த வலிப்பு ரகத்துக்கு இன்னும் வேகமாக அழுத்தினீர்கள். ஏன் என்று எனக்குத் தெரியாது. இது இழக்கக் கூடாதது என்று கற்றுக்கொண்டேன்."

ஏன் என்று அவளுக்குத் தெரியும். ஒவ்வொரு தடவை அந்தக் கத்தல் கேட்டபோதும் அவள் கண்முன் வந்தது ஜாடி அல்ல, குளியலறைத் தரையில் கிடந்த பிள்ளை. அந்தப் பயம் விரலில் இறங்கியது. விரலிலிருந்து அறைக்குள் போய்விட்டது. திருட்டுத்தனம் எதுவும் அவள் செய்யவில்லை. 'பொறு' பொத்தான் சட்டத்தில் உள்ளதுதான். மாநிலத்திலேயே குறைவாக எரித்த கிடங்கு இதுதான் என்று மேலிடத்தில் கூப்பிட்டுச் சால்வைகூடப் போர்த்தினார்கள். அதோடு விட்டார்களா? இவ்வளவு நல்ல பழக்கம் எல்லோருக்கும் பயன்படட்டும் என்று, அவளிடம் கற்ற இந்த அறையின் புத்தியை அப்படியே நகலெடுத்து மற்ற கிடங்குகளுக்கும் ஏற்றினார்கள்.

அது ஞாபகம் வந்ததும் கேட்டாள். "மத்த கிடங்கெல்லாம்?"

"ஏழிலும் இதே பழக்கம்தான்."

"அதக் கேக்கல. அங்க ஈரம் எப்படி இருக்கு?"

"நான்கு கிடங்குகளில் கோடு பூஜை நாளிலிருந்து அசையவில்லை. அந்த அறைகளும் பொறுத்திருக்கின்றன."

ஒரு கணம் அவளுக்கு விளங்கவில்லை. அப்புறம் பையிலிருந்து போனை எடுத்தாள். முகப்பிலேயே அந்தப் படம் இருந்தது. சின்னமாயன் தோளில் ஓவியா, நீட்டிய விரல், கூரைக் கண்ணில் பொட்டு. மூன்று நாளாக ஒரு மணிக்குப் பத்துத் தடவை பார்த்த படம். அதைத்தான் பூஜையன்று காலையிலேயே காப்பாளர்கள் குழுவில் போட்டிருந்தாள். 'என் மகள், மருந்துக் காவலுக்கு நன்றி சொல்கிறாள்' என்று எழுதியிருந்தாள். அதற்கு அத்தனை பேரும் கை கூப்பியிருந்தார்கள். 'எங்களுக்கு இது தோணலையே மேடம்' என்று ஒருவர். அடுத்தடுத்துப் படங்கள். ஒரு கிடங்கில் காப்பாளரின் மகன் ஏணியில். இன்னொன்றில் பட்டுப்பாவாடை கட்டிய இரட்டைப் பிள்ளைகள். இன்னொன்றில் வயதான காவல்காரர், பொட்டுக்கு மேல் ஒரு செவ்வந்தியும் செருகி வைத்திருந்தார். நான்காவதில் யாரோ கையை மட்டும் எடுத்திருந்தார்கள். எல்லாவற்றுக்கும் கௌசிகா இதயம் போட்டிருந்தாள்.

ஏணியின் அடியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அழுகை வந்தது. அழுதாள்.

இங்கே என்றால் மோந்து பார்க்க அவள் மூக்கு இருக்கிறது. அழுத்திப் பார்க்க விரல் இருக்கிறது. தன் பிள்ளை, தன் சூதாட்டம் என்று சொல்லிக்கொள்ளக்கூட முடியும். அங்கெல்லாம் யார் இருக்கிறார்கள்? ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது. நேரான கோட்டைப் பார்த்துச் சந்தோஷமாக நாளைக் காலையில் பிழிவார்கள். இல்லை, அறைகளே ஏதோ கோளாறு காட்டி இரண்டு நாள் தள்ளி, அப்புறம் பிழிய விடும். முகம் தெரியாத பிள்ளைகளின் நாக்கில் அந்தச் சொட்டு விழும். அந்த அறைகளையெல்லாம் ஆட்டிவைப்பது அவளுடைய விரல்.

எழுந்தாள். ஏணியை ஒவ்வொரு கண்ணாக நகர்த்தி, மிச்சப் பொட்டையும் துடைத்தாள். கடைசிக் கண்ணுக்கு வந்தாள். சந்தனத்தில் ஓவியாவின் சின்ன விரல் பதிந்த அச்சு இருந்தது. பார்க்காமல் துடைத்தாள்.

மாமியார் கத்தியது. மூன்று நாளுக்கும் சேர்த்துக் கத்தியது. திரையில் இரண்டு பொத்தான்கள். அவளுடைய விரல் பழக்க தோஷத்தில் 'பொறு' பக்கம்தான் முதலில் போனது. அதை அவளே பார்த்தாள். இழுத்துப் பிடித்து 'அறிவி'யில் வைத்து அழுத்தினாள்.

"எல்லாக் கிடங்குக்கும் போகட்டும்" என்றாள். "கண்ணு அசையலைன்னா பொறுக்கக் கூடாது. தெரிஞ்சா ஒடனே சொல்லணும். யாரு பூவா இருந்தாலும்."

"இதைப் பழக்கமாகச் சேர்த்துக்கொள்ளவா?"

"சேத்துக்க."

"இந்த ரகத்துக்கும்?"

கௌசிகா கண்ணை மூடிக்கொண்டாள். "இந்த ரகத்துக்கும்."

சாயங்காலம் உலையைப் பற்றவைத்தபோது மழை விட்டிருந்தது. சின்னமாயன் வழக்கமான நையாண்டி எதுவும் பேசாமல் ஜாடிகளைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்து கொண்டுவந்து வைத்தார். "எந்தோள்ல தான தாயி ஏத்தினேன்" என்று ஒரே ஒரு தடவை சொன்னார். "வேற யாரு தோள்லயாச்சும் ஏறியிருப்பா, விடுங்கண்ணே" என்றாள் அவள். புகை மலையைப் பார்த்துப் போனது.

வீட்டிலிருந்த எண்ணெயைச் சொட்டு குறைத்துக் கொடுத்தும் கார்த்திகை வரைதான் வந்தது. ஐந்து கிடங்கின் பூவும் எரிந்துபோக, மிச்ச மூன்றின் எண்ணெய் அந்தந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கே பற்றவில்லை. ஆஸ்பத்திரியில் பழைய மாத்திரைகளையே மறுபடி எழுதிக் கொடுத்தார்கள். அதைப் போட்டால் பிள்ளைக்குப் பாதி நாள் தூக்கம்தான். மேஜை முனைகளுக்குத் துணி திரும்ப வந்தது. சைக்கிளை மாடிப்படிக்குக் கீழே சாக்குப் போட்டு மூடி வைத்தார்கள். முதல் வலிப்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வந்தது. சோற்றுத் தட்டு கவிழ்ந்து, பிள்ளை பக்கவாட்டில் சரிந்து, கைகால் வெட்டி இழுத்தது. கௌசிகா அவளை ஒருக்களித்துப் படுக்க வைத்து, தலைக்குக் கீழே தன் உள்ளங்கையைக் கொடுத்துக்கொண்டு, அது அடங்கும்வரை அப்படியே தரையில் கிடந்தாள்.

அடுத்த வாரம் ஜமீலா பிள்ளையைப் பார்க்க வந்தார். பழம், பிஸ்கட் எல்லாம் வாங்கி வந்து வைத்துவிட்டு, உட்காராமலே நின்றார்.

"அன்னைக்கு எடுத்த பூவத் தட்டுல வச்சேன்ல. தப்புத்தான், சட்டப்படி அதையும் எரிச்சிருக்கணும்" என்றார். "நம்மளுது சுத்தம் கௌசி. ஒண்ணுமே மொளைக்கல."

கௌசிகா அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பால் பொங்கி வந்தது. அணைத்தாள். ஒன்றுமே இல்லாத பூவை எரித்திருக்கிறாள். எழுபதைப் பார்த்த பிறகும் பேசாமல் இருந்திருந்தால் ஓவியா இன்றைக்குச் சைக்கிளில் தெருமுனை வரைக்கும் போய்வந்திருப்பாள்.

"மத்த நாலு?" என்று கேட்டாள்.

"அங்கயும் எரிக்கிறதுக்கு முன்ன கொஞ்சம் எடுத்து வச்சுப் பாத்திருக்காக. மூணு நம்மள மாதிரித்தான். ஒண்ணுல..." ஜமீலா கையை விரித்து மூடினார். "தட்டு பூரா கருப்பு. அந்தச் செவ்வந்தி செருகியிருந்தாகல்ல, அந்தக் கிடங்கு."

அந்தக் கிடங்கை நம்பி எத்தனை பிள்ளைகள் என்று கௌசிகா கேட்கவில்லை. ஜமீலாவும் சொல்லவில்லை. டீயைக் குடித்துவிட்டு, தூங்கிக்கொண்டிருந்த ஓவியாவின் தலையைத் தடவிவிட்டுப் போனார்.

காப்பகத்தில் மாமியார் இப்போது எதற்கெடுத்தாலும் கத்துகிறது. காலி அறைக்குக்கூட. எட்டுக் கிடங்கிலும் அப்படித்தானாம். காப்பாளர்கள் குழுவில் தினமும் யாராவது தலையில் அடித்துக்கொள்ளும் பொம்மையைப் போடுகிறார்கள். கௌசிகா மட்டும் எதுவும் போடுவதில்லை.

ஓவியா எழுந்து வந்து அவள் மடியில் தலைவைத்துக்கொண்டாள். மாத்திரை மயக்கம் இன்னும் கண்ணில் இருந்தது. பக்கத்தில் கிடந்த போனை எடுத்துத் திறந்து, சற்று நேரம் பார்த்தாள். முகப்பில் வெறும் நீலம்.

"அம்மா, நான் பொட்டு வச்ச படம் எங்க?"

கௌசிகா அவள் தலைமுடியைக் கோதிவிட்டாள்.

"ஏம்மா எடுத்துட்ட? நல்லாத்தான இருந்துச்சு?"

தெரிந்தால் உடனே சொல்ல வேண்டும் என்று எட்டு அறைகளுக்குக் கற்றுக்கொடுத்தவள், தன் மகளின் முகத்தைப் பார்த்தாள். அந்த முகம் பதிலுக்குக் காத்திருந்தது.

"கொஞ்சம் பொறுடா தங்கம்" என்றாள். "சொல்றேன்."